சுவரில் ஒரு கை

அருள்தாஸுக்கு ஆபீசர் வேஷம் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனாலும் மனுஷன் விடுவதாயில்லை. சாயங்காலம் ஆனால் போதும், வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிடுவார். ஆபீசருக்கு விரல் குறையக் கூடாதே, அதற்குத்தான் துண்டு. எதிரே மகள் சோபியா நிற்க வேண்டும். உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். சொன்னாலும் எதிர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார வேண்டும்.

"உன்னப் பத்தி சொல்லு" என்பார், குரலை வேண்டுமென்றே தடிப்பாக்கிக்கொண்டு.

சோபியா தன் பெயர், படித்த பாலிடெக்னிக், வாங்கிய மார்க், தன்னுடைய பலம், பலவீனம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்த இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பிப்பாள். அவருக்கு அதில் ஒரு வரியும் விளங்காது. ஆனாலும் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி அங்கங்கே தலையாட்டி, "கரீட்டு, மேல சொல்லு" என்பார். அடுப்படியில் மனைவி அம்முலு பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள். இந்த வீட்டில் அவளுடைய கருத்தெல்லாம் பெரும்பாலும் அலுமினியச் சத்தமாகத்தான் வெளியே வரும்.

அம்முலு கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. மகள் இன்டர்வியூவுக்குப் போகப்போவது வேறெங்கோ அல்ல, அருள்தாஸின் விரல்கள் போன அதே பிரஸ் கம்பெனிக்கு.

சோபியா நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது அது. கார்க் கதவுகளுக்கு இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனி. சாலவாக்கம் பக்கத்திலிருந்து அங்கே ஆள் எடுக்க ஆரம்பித்த புதிதில், அருள்தாஸைச் சேர்த்துவிட்டவர் புருஷோத்தமன். ஊர்த்தெருக்காரர், அங்கே சூப்பர்வைசர். அருள்தாஸின் அப்பா அவர்கள் வீட்டு நிலத்தில் படியாளாகவே இருந்து செத்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, காலனி ஆள் ஒருவனைப் பேன்ட் சட்டை போடவைத்து, கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனது அருள்தாஸுக்கு மறக்கக்கூடிய சங்கதி அல்ல. புருஷோத்தமன் சார் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பிரஸ் மெஷினில் ஒரு சென்சார் உண்டு. உள்ளே கை நீண்டால் மெஷினை அப்படியே நிறுத்திவிடும். ஆனால் தகடு கொஞ்சம் கோணலாகப் போனாலும் நிறுத்திவிடும். அதுதான் தொல்லை. அன்றைக்கு அவசர ஆர்டர், லாரி வாசலில் நிற்கிறது, மெஷின் நின்று நின்று போகிறது. சென்சாரை அணைக்கும் சாவி சூப்பர்வைசரிடம்தான் இருக்கும். புருஷோத்தமன் ஜோபியிலிருந்து சாவியை எடுத்துத் திருகிவிட்டு, "ஓட்டு அருளு, லோடு போனதும் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். லோடு போனது. அருள்தாஸின் மூன்று விரல்களும் போயின.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் புருஷோத்தமன் உட்கார்ந்து அழுதார். நிஜமான அழுகைதான் என்று அருள்தாஸ் இன்றைக்கும் சத்தியம் செய்வார். "நான் மாட்டிக்கினா என் பொழப்பே பூடும் அருளு. சென்சார நீயே நிறுத்துனதா சொல்லிடு. உன் பொண்ணு படிக்கட்டும், அவளுக்கு அங்கயே வேல போட்டுத் தர்றது என் பொறுப்பு" என்று கையைப் பிடித்துக்கொண்டார், கட்டுப் போடாத கையை. அருள்தாஸ் அப்படியே சொன்னார். விசாரிக்க வந்தவர்கள் கேட்டபோதெல்லாம், நான்தான் சார் நிறுத்தினேன் என்றார். கட்டுப் பிரித்த பிறகு கையைப் பச்சைத் துணிமேல் வைக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எதற்கு என்று கேட்டதற்கு இன்சூரன்ஸுக்கு என்றார்கள். அதன்பிறகு அவர் ரைஸ்மில்லில் வாட்ச்மேன் ஆனார்.

"சாவி அவன் ஜோபில இருந்துது, தப்பு உன் தலைல கீது" என்பாள் அம்முலு. இதை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. அருள்தாஸ் துண்டைச் சரிசெய்துகொள்வார். அந்த வாக்கு ஒன்றுதான் அவர் சேர்த்துவைத்த சொத்து. நகையைப் பானைக்குள் போட்டுவைக்கிறவர்கள் மாதிரி, அவர் அதை நெஞ்சுக்குள் போட்டு வைத்திருந்தார்.

சோபியா டிப்ளமோ முடித்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன இடத்திலெல்லாம் போன் பண்ணுகிறோம் என்றார்கள். எந்தப் புண்ணியவானும் பண்ணவில்லை. அம்முலுவுக்கு முட்டி வலி. சேற்றில் நின்று நடவு நட முடியவில்லை, நடாமல் இருக்கவும் முடியவில்லை. இந்த நடவுப் பட்டத்தில் சோபியாவும் இறங்கி நட்டாள். மெக்கானிக்கல் படித்த பெண் நாற்றுக்கட்டோடு வரப்பில் நின்றதைப் பார்த்துவிட்டு ஊர்த்தெருப் பெண் ஒருத்தி, "இதுக்கா அம்மாந்தூரம் பஸ்ஸு ஏறிப் படிச்ச?" என்று சிரித்தபடி கேட்டாள். சோபியாவும் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது வாளிச் சத்தத்துக்குள் அழுதாள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அடுத்த பட்டமும் அதே வரப்புதான். அது அவளுக்கும் தெரியும், வீட்டிலிருந்த மற்ற இருவருக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. பெண்கள் மட்டும், டிரெய்னி வேலை, நேரில் வரவும். கம்பெனியின் பெயரைப் படித்ததும் சோபியா போனைக் கவிழ்த்து வைத்தாள். அருள்தாஸுக்கோ அது மாதா அனுப்பிய செய்தி.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டரில் ரெஸ்யூம் அடித்தார்கள். பொழுதுபோக்கு என்ற இடத்தில் நெட் சென்டர்காரன் யாரையும் கேட்காமல் பாட்டு கேட்பது, தோட்டம் போடுவது என்று தட்டிவிட்டான். நடவு நட்டதைத் தோட்டம் என்று சொல்லலாம் என்று சோபியாவும் விட்டுவிட்டாள். தகப்பன் தொழில் என்ற இடத்தில் அந்தக் கம்பெனியின் பழைய ஸ்டாஃப் என்று போடச் சொல்லி அருள்தாஸ் ஒற்றைக் காலில் நின்றார். அப்படியெல்லாம் போடக் கூடாது என்று சோபியா வாட்ச்மேன் என்றே போடவைத்தாள். வரும் வழியெல்லாம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் நடந்த பெரிய சண்டை வேறு. யூடியூபில் இன்டர்வியூ சொல்லித்தருகிறவர்கள், நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு என்றார்கள். அருள்தாஸ், கையைக் கட்டு, தலையைக் குனி என்றார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே போன உடனே, நான் காலனி அருள்தாஸ் மகள், புருஷோத்தமன் சார் எங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

"மார்க்கு கீது, படிப்பு கீது. பிச்ச கேக்கற மாரி நான் சொல்ல மாட்டேன் நைனா" என்றாள் சோபியா.

"பிச்ச இல்லம்மா. வெல குடுத்து வாங்குனது" என்றார் அருள்தாஸ். துண்டுக்குள் இருந்த கை லேசாக அசைந்தது. அதற்கு மேல் சோபியா வாதாடவில்லை. ஆனால் சொல்லப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

இன்டர்வியூ அன்றைக்கு டவுன் பஸ்ஸில் சசிரேகா என்று ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். காவாந்தண்டலத்துக்காரி, அதே இன்டர்வியூவுக்குத்தான் போகிறாள். ஷூ கடிக்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும்தான் மாட்டினாள். இருவரும் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டு ஒப்பித்துக்கொண்டே வந்ததில் சோபியாவுக்குப் பயம் பாதி தெளிந்திருந்தது.

வந்த பெண்களையெல்லாம் முதலில் டிரெய்னிங் ஹாலில் உட்காரவைத்தார்கள். ஏசி குளிர், வரிசையாக நாற்காலிகள், முன்னால் ஒரு சேஃப்டி ஆபீசர். மெஷின், சென்சார், சூப்பர்வைசரிடம் இருக்கும் சாவி, கையுறை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சோபியா அத்தனையையும் குறித்துக்கொண்டாள். பிறகு அவர் சுவரைக் காட்டினார். "இந்த போட்டோவை நல்லாப் பாத்துக்குங்க. உள்ள போனா இதப் பத்தியும் கேப்பாங்க."

சோபியா பார்த்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. பச்சைத் துணிமேல் ஒரு வலது கை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. நடுவில் தையல் போட்ட சதை. கீழே பெரிய எழுத்தில், "சென்சாரைத் தானே நிறுத்தினார். விரல்களை இழந்தார்" என்று தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் போட்டிருந்தது. பெயர் இல்லை. முகம் இல்லை. ஆனால் மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவை ஒன்று இருந்தது. மாதா கோயில் திருவிழாவில் குத்திக்கொண்டது, ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குட்டையாகப் போன சிலுவை. சின்ன வயதில் அவள் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டேதான் தூங்குவாள்.

ஹாலில் யாரோ ஐயோ என்றார்கள். யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சோபியாவால் திருப்ப முடியவில்லை. வீட்டில்கூட அப்பா அந்தக் கையை இப்படி விரித்துக் காட்டியதில்லை. சோறு போட்டுக் கொடுத்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பி இடது கையால்தான் சாப்பிடுவார். இத்தனை வருஷமாகத் துண்டு போட்டு மறைத்ததை இங்கே வந்தவன் போனவனெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு எழுந்து போய்த் துப்பட்டாவை எடுத்து அந்தப் போர்டின்மேல் போர்த்த வேண்டும் போலிருந்தது. ஆனால் உட்கார்ந்தே இருந்தாள்.

அப்போது சசிரேகா கையைத் தூக்கினாள். "சார், சாவி சூப்பர்வைசர்கிட்டதான் இருக்கும்னு சொன்னீங்க. அப்ப ஆபரேட்டர் எப்படி சார் தானே நிறுத்தியிருப்பாரு?"

நல்ல கேள்வி. அம்முலு பள்ளிக்கூடம் போகாமலே கேட்ட கேள்வி. சேஃப்டி ஆபீசர் சிரித்துக்கொண்டே, "உங்க பேரு என்னம்மா?" என்றார். அவள் சொன்னாள். அதைக் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டு அவர் அடுத்த பேச்சுக்குப் போனார். முதல் ஆளாகச் சசிரேகாவைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். போன சூட்டோடு வெளியே வந்தாள். "பேர்கூட முழுசாக் கேக்கல. போன் பண்றாங்களாம்" என்று சோபியாவிடம் கிசுகிசுத்துவிட்டு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். ஹாலில் இருந்த மற்ற பெண்கள் வாயை இறுக்க மூடிக்கொண்டார்கள்.

சோபியாவின் முறை வந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் ஹெச்.ஆர். அம்மா ஒருத்தி. பக்கத்தில் தலைக்குச் சாயம் போட்ட, கொஞ்சம் தொப்பை விழுந்த ஒருவர். ஊர்த் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்த முகம்தான். புருஷோத்தமன் இப்போது பிளான்ட் மேனேஜர். செங்கல்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர்.

அவர் ரெஸ்யூமைப் படித்துக்கொண்டே வந்தார். தகப்பன் பெயர் இருந்த இடத்தில் பேனா நின்றது. அவள் எதுவுமே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தலையைத் தூக்காமல், "காலனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

ஹெச்.ஆர். அம்மா கேட்டதற்கெல்லாம் சோபியா தடையில்லாமல் பதில் சொன்னாள். பலம் சொன்னாள், பலவீனம் சொன்னாள், அஞ்சு வருஷம் கழித்து எங்கே இருப்பாய் என்றதற்கும் சொன்னாள். அருள்தாஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிய வேலை வீண்போகவில்லை. ஹெச்.ஆர். அம்மாவுக்குத் திருப்தி. போகலாம் என்று சொல்லப்போன சமயத்தில் புருஷோத்தமன் பேனாவை மூடினார்.

"வெளில ஒரு போட்டோ பாத்திருப்பியே. அது யாரு தப்பு?"

அவர் அவளைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே விட்டிருக்கலாம். ஆனால் வாக்கைக் காப்பாற்றுவதற்கு முன்னால், பழைய கதை இந்தப் பெண்ணின் வாயிலும் மாறாமல் இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சோபியாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. சாவி உங்க ஜோபில இருந்துது சார் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரி தொண்டைவரை வந்தது. கூடவே சசிரேகா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு போனதும், சேற்றிலிருந்து காலைப் பிடுங்க முடியாமல் அம்மா வரப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதும் வந்தன.

"ஆபரேட்டர் தப்பு சார்" என்றாள்.

ஹெச்.ஆர். அம்மா விடவில்லை. ஏன், எப்படி என்று விளக்கச் சொன்னாள். இந்தக் கேள்விக்குச் சோபியா ஒத்திகை பார்க்கவில்லை. ஆனாலும் வாய் தானாகப் பேசியது. "சென்சார அவரே நிறுத்திட்டாரு மேடம். டார்கெட் முடிச்சா இன்சென்டிவ் வரும்னு. பேராசை."

ஹெச்.ஆர். அம்மா வெரி குட் என்றாள். "போதும்" என்றார் புருஷோத்தமன், அவசரமாக.  அன்றைக்கே வேலை ஆர்டரைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். வெளியே வரும்போது ஹால் வழியாகத்தான் வர வேண்டும். சோபியா தரையைப் பார்த்தபடியே வந்தாள்.

சாலவாக்கம் ஸ்டாப்பிங்கில் அருள்தாஸ் மத்தியானத்திலிருந்தே நின்றிருக்க வேண்டும். டீக்கடைக்காரர் போட்டுக்கொடுத்த நாற்காலி காலியாகவே கிடந்தது. மகள் இறங்கியதும் முகத்தைப் பார்த்தார். கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, "வுடும்மா, வேற எடம் பாத்துக்கலாம்" என்றார். அவள் கவரை நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கி, பிரிக்காமலே நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்குப் பேச்சு குழறியது.

"புருஷோத்தமன் சாரப் பாத்தியா? என்னிய ஞாபகம் வெச்சிக்கினு கீறாரா?"

"கீறாரு நைனா."

"எனுக்குத் தெரியும். வாக்கு தவற மாட்டாரு. உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. இன்னா கேட்டாரு?"

சோபியா வரும் வழியெல்லாம், எதையும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அவர் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது மறைக்க அவளால் முடியவில்லை. "உன் கை போட்டோவ அங்க செவுத்துல மாட்டிக்கீறாங்க நைனா. பெரிசா" என்றாள்.

அவர் துண்டைப் பார்த்தார். துண்டு சரியாகத்தான் சுற்றியிருந்தது. ஆனாலும் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். இன்சூரன்ஸுக்கு என்றுதானே சொன்னார்கள் என்று தனக்குள் முனகினார். பிறகு, "பேரு போட்டுக்கீதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப பரவால்ல. யாருக்குத் தெரியப் போவுது" என்றார்.

"யாரு தப்புன்னு கேட்டாரு நைனா."

அருள்தாஸ் அப்புறம் கேட்கவில்லை. நீ என்ன சொன்னாய் என்பதுதான் அடுத்த கேள்வி. வேலை ஆர்டர் இருந்த கவர் அவர் கையிலேயே இருந்தது. சோபியா வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதில் அழுகை வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழுவாத" என்றார் அவர். "நானும் அதத்தான சொன்னேன்."

பிறகு அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால் நடந்தாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம் அவர் கவரைக் காட்டி, பொண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றார். வீட்டு வாசலில் அம்முலு நின்றிருந்தாள். உள்ளே என்ன கேட்டார்கள் என்று அவள் சோபியாவைத்தான் கேட்டாள். அருள்தாஸ் முந்திக்கொண்டு, பேர், ஊர், படிப்பு, அவ்வளவுதான் என்றார். அம்முலு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரச் சத்தமே கேட்கவில்லை.

நானும் அதைத்தான் சொன்னேன் என்று அவர் சொன்னது முழுக்கச் சரியல்ல. நான்தான் நிறுத்தினேன் என்று மட்டும்தான் அவர் சொல்லியிருந்தார். பேராசை என்று சொன்னவள் சோபியா. யாரும் கேட்காமல், யாரும் சொல்லித் தராமல், அவளாகவே சொன்னது. அதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வந்தபோது அருள்தாஸ் ஸ்டாப்பிங்வரை வந்து, துண்டுக்குள் இருந்த கையைத் தூக்கி ஆட்டி அவளை வழியனுப்பினார்.